ஊர் சுற்றும் தெரபிஸ்டுக்கு வருமானம் எங்கிருந்து?

கொரோனா பரவியபோது அமெரிக்காவில் உளவியல் ஆலோசனை பெருமளவில் வீடியோ அழைப்புக்கு மாறியது. தொற்று அடங்கிய பிறகும் பல தெரபிஸ்டுகள் பழைய அறைக்குத் திரும்பவில்லை. திரை வழியாகவே வேலை நடக்கும்போது, லிஸ்பனிலோ மெக்ஸிகோ நகரத்திலோ உட்கார்ந்து பேசினால் என்ன என்று கேட்கிறார்கள். நியாயமான ஆசைதான். நாளெல்லாம் அடுத்தவர் துயரத்தைக் கேட்பவருக்கு ஊர் மாற்றம் அவசியம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால், மென்பொருள் எழுதுபவரைப் போல இவர்கள் நினைத்த மாத்திரத்தில் கிளம்பிவிட முடியாது.

அமெரிக்காவில் லைசென்ஸ் தருவது மாநிலங்கள். பேசும் நேரத்தில் க்ளையன்ட் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ, அந்த மாநிலத்தின் விதிக்குத் தெரபிஸ்ட் கட்டுப்பட்டவர். இந்த இறுக்கத்தைத் தளர்த்த 'சைபாக்ட்' என்ற ஒப்பந்தம் 2020-ல் நடைமுறைக்கு வந்தது. 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்திருக்கின்றன. தகுதியுள்ள உளவியலாளர் ஒரே அனுமதியில் அத்தனை மாநில மக்களிடமும் ஆன்லைனில் பேசலாம். ஆனாலும் பயணப் பிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரி அதில் உண்டு: சேவை தரும் நேரத்தில், தனக்கு லைசென்ஸ் உள்ள உறுப்பு மாநிலத்தில் அவர் நேரில் இருக்க வேண்டும். டெக்ஸாஸ் வீட்டிலிருந்து பல மாநிலங்களுக்குப் பேசலாம். லிஸ்பனிலிருந்து பேச இந்த அனுமதி உதவாது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரும் வெளிநாட்டிலிருந்து தரும் சேவைக்குப் பணம் தராது.

விசாவையும் பார்க்க வேண்டும். சுற்றுலா விசாவில் வேலை செய்யப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. தொலைவிலிருந்து வேலை செய்பவர்களும் பெறத்தக்க, தாய்லாந்து 2024-ல் கொண்டுவந்த டி.டி.வி. விசாவில் ஒருமுறை போனால் 180 நாள் தங்கலாம்; கையிருப்பாக 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். ஆனால், அலுவலகம் முடிந்து மாலை 6 மணிக்கு நியூயார்க்வாசி பேச வரும்போது, பாங்காக்கில் மறுநாள் விடிகாலை 5 அல்லது 6 மணி. நேரம் ஒத்துப்போவது கொலம்பியா, மெக்ஸிகோ பக்கம்தான்.

இவற்றையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது ஆபத்து வேளை. பேச்சின் நடுவே, உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாகக் க்ளையன்ட் சொல்கிறார். தெரபிஸ்ட் போர்ச்சுகலிலிருந்து அமெரிக்க அவசர உதவி எண்ணான 911-ஐ அழுத்தினால், அந்த அழைப்பு க்ளையன்ட்டின் ஊர் காவல்துறைக்குப் போகாது. அதனால் ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் க்ளையன்ட் அப்போது இருக்கும் முகவரியைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் ஊர் காவல்துறையின் முழுத் தொலைபேசி எண்ணும், ஓடி வரக்கூடிய உறவினர் ஒருவரின் எண்ணும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இணையம் அறுந்தால் எப்படித் தொடர்புகொள்வது என்பதையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். இதற்கு வழியில்லாத ஊரிலிருந்து ஆலோசனை தரவே கூடாது.

அப்படியானால் ஊர் ஊராகப் போகும் மாதங்களில் எப்படிச் சம்பாதிப்பது? நேரடி சிகிச்சை அல்லாத வேலைகளை நாடுவதே நல்லது. லைசென்ஸைப் புதுப்பிக்கத் தெரபிஸ்டுகள் தொடர்ந்து பயிற்சி பெற்றாக வேண்டும். அதற்கான பாடங்களைப் பதிவுசெய்து விற்கலாம். ஏற்கெனவே லைசென்ஸ் பெற்ற சக தெரபிஸ்டுகளுக்குச் சிக்கலான கேஸ்களில் கட்டணத்துக்கு யோசனை சொல்லலாம். நிறுவன ஊழியர்களுக்குப் பயிலரங்கு நடத்தலாம், எழுதலாம். சிகிச்சையைச் சொந்த ஊரில் இருக்கும் மாதங்களுக்கு வைத்துக்கொண்டு, கிளம்பும் தேதியைக் க்ளையன்ட்டிடம் வெகு முன்பே சொல்லிவிட வேண்டும்.

லைசென்ஸ் விதியிலிருந்து தப்பிக்க, 'கோச்சிங்' என்று பலகையை மாற்றி அதே சிகிச்சையைத் தருபவர்களும் உண்டு. அதை நான் ஏற்க மாட்டேன். உதவி தேடி வருபவரின் பாதுகாப்பை அது பறிக்கிறது. ஆன்லைன் ஆலோசனை நிறுவனங்களில் சேர்பவர்கள், க்ளையன்ட் தகவலை அவை என்ன செய்கின்றன என்று விசாரிக்க வேண்டும். விளம்பரத்துக்காகத் தகவல் பகிர்ந்த புகாரில், அத்தகைய நிறுவனமான பெட்டர்ஹெல்ப் 78 லட்சம் டாலர் தர வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-ல் உத்தரவிட்டது.

நியூஜெர்சியில் வாழும் தமிழர், தமிழில் மனம்விட்டுப் பேசச் சென்னை உளவியலாளரைத் தேடினாலும் இதே லைசென்ஸ் கேள்வி எழும். சென்னைக்காரருக்கு வேறொரு வழி இருக்கிறது. கூட்டுக் குடும்பம், சாதி, வரன் பார்த்தல் போன்றவை தமிழர் மனதில் என்ன செய்கின்றன என்று, அமெரிக்காவில் லைசென்ஸ் உள்ள தெரபிஸ்டுகளுக்கு அவர் ஆன்லைனில் வகுப்பெடுக்கலாம்.