மென்பொருளைப் பராமரிப்பது யார்?

ஹட்டன் பக்கம் கொழுந்து பறிக்காமல் விட்ட தேயிலை மலை காடாகிக் கிடப்பது கண்ணுக்குத் தெரியும். எவரும் படித்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள் கைவிடப்பட்டால் அப்படித் தெரியாது. 2004 சுனாமிக்குப் பின் காணாமற்போனோரைத் தேட இலங்கையில் உருவான 'சஹானா' அவ்வகை மென்பொருள்தான். நம்மவர்களின் விபரங்களை ஒன்றில் பதியுமுன் அதைப் பராமரிக்க ஆளிருக்கிறதா என்று பார்க்கவேண்டாமா?

2020இல் வந்த 'ஸ்கோர்கார்ட்' என்ற இலவசக் கருவி அதைப் பார்க்கிறது. கடைசி 90 நாட்களில் கிழமைக்கொரு திருத்தமாவது நடந்திருந்தால் 10 புள்ளி, மூடிவைக்கப்பட்டதற்கு 0.

இந்தப் புள்ளியை மட்டும் நான் நம்பமாட்டேன். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் 2024இல் பின்கதவு வைத்தவர், ஈராண்டுக்கு மேலாகச் சுறுசுறுப்பாக உழைத்தவர். தனியாளாகக் களைத்துப்போன பராமரிப்பாளர்தான் அவரை நம்பிப் பொறுப்பைப் பகிர்ந்தார். பங்களிப்போர் குறைந்தது மூன்று நிறுவனங்களிலிருந்து வருகிறார்களா என்பதற்கும் ஸ்கோர்கார்ட் தனிப் புள்ளி தருகிறது. அதையும் பாருங்கள்.