கோல்ஃப் பந்தும் சிவப்புக் கோடும்

பழைய மோட்டார் வாகனங்களைச் சேகரிக்கும் ரசிகர்கள் ஐரோப்பிய ஏலக்கூடங்களில் ஆவலோடு எதிர்பார்க்கும் வண்டிகளுள் ஒன்று, பின்புறமும் ஒரு கதவு வைத்த, பார்வைக்குப் பரம சாதுவான ஒரு சிறு ஜெர்மானியக் கார் ஆகும். 1975-ஆம் வருஷம் பிராங்க்ஃபர்ட் மோட்டார் கண்காட்சியில் ‘கோல்ஃப் ஜிடிஐ’ என்ற பெயரோடு இதனை அறிமுகப்படுத்திய வோக்ஸ்வாகன் கம்பெனியார், 5,000 வண்டிகள் விற்றாலே போதும் என்று அடக்கமாக எண்ணியிருக்க, முதல் தலைமுறையில் மாத்திரம் 4,50,000-க்கு மேல் விற்றுத் தீர்ந்தது.

1.6 லிட்டர் எஞ்சினும் 110 குதிரைசக்தியும் இன்றைக்குப் பிரமாதமல்ல. ஆயினும் வண்டியின் எடை சுமார் 810 கிலோதான் ஆகையால், அது மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் பறந்தது. முன்முகத்தைச் சுற்றி ஒரு மெல்லிய சிவப்புக் கோடு. உள்ளே ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட ஆசனத் துணி. கியர்க் கம்பியின் தலையில், கையடக்கமாக, குழிகள் நிறைந்த ஒரு கோல்ஃப் பந்து! அந்தத் துணியும் பந்தும் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்னும் பெண்மணியின் கற்பனை. எஞ்சினைக் காட்டிலும் இந்தப் பந்துதான் வசீகரம் என்பது என் அபிப்பிராயம்.

வாங்க நினைக்கும் நேயர்கள், மேற்பூச்சின் பளபளப்பில் மயங்கிவிடாமல், பெட்ரோல் ஊற்றும் குழாயைச் சுற்றியுள்ள தகட்டை முதலில் பார்க்க வேண்டும். துரு பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.