பண்டரிக்குப் போகும் வழி

யாத்திரை என்றவுடன் நமது நினைவுக்கு வருவது சேரவேண்டிய தலமே. காசி என்கிறோம், இராமேசுவரம் என்கிறோம். இடையிலுள்ள வழியைப் பற்றி எவரும் கேட்பதில்லை. இரயிலும் மோட்டாரும் வந்த பின்னர் வழி என்பது தூங்கிக் கழிக்கும் பொழுதாகிவிட்டது. எனினும், அன்றாட வாழ்வைப் புதுக்குவது தலமா, வழியா என்று என்னை வினவினால், வழியே என்பேன். மகாராஷ்டிரத்துப் பண்டரி யாத்திரையைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

அந்த யாத்திரைக்கு 'வாரி' என்று பெயர். தவறாமல் மீண்டும் மீண்டும் போய்வருதல் என்பது அதன் பொருள். வாழ்நாளில் ஒருமுறை போனால் போதும் என்பதன்று, ஆண்டுதோறும் போகவேண்டும். அவ்வாறு போகிறவர் 'வார்கரி' எனப்படுவார். புனேக்கு அருகிலுள்ள ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பாதுகைகளும், தேஹுவிலிருந்து துக்காராமின் பாதுகைகளும் பல்லக்கேறிப் புறப்படுகின்றன. மக்கள் உடன் நடந்து, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் கடந்து, ஆஷாட ஏகாதசிக்குப் பீமா நதிக்கரையிலுள்ள பண்டரிபுரத்தை அடைகிறார்கள். நடை ஏறக்குறைய மூன்று வாரம். மழை தொடங்கும் பருவமாதலால், விதைப்பை முடித்துவிட்டு வரும் உழவர்கள் இக்கூட்டத்தில் மிகுதி.

இந்த மூன்று வாரங்களில் நிகழ்வது என்ன? யாத்திரிகர் 'திண்டி' என்னும் குழுக்களாகப் பிரிந்து, தாளமும் மிருதங்கமும் ஒலிக்க, அபங்கம் பாடிக்கொண்டு செல்கிறார்கள். ஒவ்வொரு திண்டிக்கும் வரிசையில் ஓர் இடம் உண்டு. வீட்டிலே அதிகாரம் செலுத்துகிற பெரியவர் இங்கே தமக்குரிய வரிசையில் நடக்கவேண்டும், பொதுச் சமையலில் கிடைத்ததை உண்ணவேண்டும், ஈரத்தரையிலும் படுக்கவேண்டும். ஒருவரையொருவர் 'மாவுலி', அதாவது 'தாயே', என்று அழைக்கிறார்கள். ஆடவரையும் அப்படித்தான். ஒருவர் காலைத் தொட்டு வணங்கினால், வணங்கப்பட்டவர் உடனே குனிந்து அவர் காலைத் தொடுகிறார். பணிவைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் கேட்பது வேறு; இருபது நாள் முதுகை வளைத்துப் பழகுவது வேறு. எழுத்துப் பயிற்சி கொடுத்த எந்த உபாத்தியாயருக்கும் இது தெரியும்.

ஊர் திரும்பிய பிறகும் இப்பயிற்சி விடுவதில்லை. வார்கரி துளசிமாலை அணிகிறார். புலாலையும் மதுவையும் விலக்குகிறார். மாதம் இருமுறை ஏகாதசி விரதம் காக்கிறார். ஏர் பிடிக்கும் நாட்களிலும் பண்டரி அவர் கழுத்தில் தொங்குகிறது.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. சமூகவியல் அறிஞர் இராவதி கார்வே இந்த வழியில் தாமே நடந்து சென்றவர். ஒன்றாகப் பாடிக்கொண்டு நடந்தவர்கள் உணவு வேளையில் சாதிவாரியாகப் பிரிந்து அமர்ந்ததைக் கண்டு வருந்தி எழுதினார். வழி கற்பித்த பாடம் பந்திவரை செல்லவில்லை. பண்டரிபுரத்துக் கோயிலுக்குள்ளேயே அது நெடுங்காலம் செல்லவில்லை. மகார் குலத்தில் பிறந்த பக்தர் சோகாமேளர் 14ஆம் நூற்றாண்டில் உள்ளே அனுமதிக்கப்படாமலே மறைந்தார். ஒடுக்கப்பட்டோருக்கு அக்கோயிற் கதவைத் திறக்கவேண்டும் என்று 1947 மே மாதத்தில் உண்ணாவிரதம் இருந்தவர் சானே குருஜி. பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர் அவர். இதைச் சொல்வதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு. கதவு திறந்தது.

சோகாமேளரின் சமாதி கோயிலின் பெருவாயிலுக்கு எதிரே இருக்கிறது. வார்கரிகள் அங்கே தலை தாழ்த்திய பின்னரே படியேறுகிறார்கள்.