எச்டிஆர் ஆன் பண்ணா ரோஜா ஏன் வெளுக்குது?

இந்த எபிசோடு ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்குது. தப்பு பண்ணது நான்தான்.

எங்க சித்தப்பா பாகலூர் பக்கம் பசுமைக்குடில்ல ரோஜா போட்டிருக்கார். தாஜ்மஹால் ரகம், ரத்தச் சிவப்பு. ஓசூர் ரோஜாவுக்குப் பெரிய சீசன் காதலர் தினம்தான். "தம்பி, பூ போட்டோ நாலு நல்லா பண்ணிக் குடுப்பா, பெங்களூர் பார்ட்டிக்கு அனுப்பணும்"னார். என்கிட்ட புது மானிட்டர், பெட்டி மேல எச்டிஆர் முத்திரை. விண்டோஸ்ல எச்டிஆரை ஆன் பண்ணேன், படத்தைத் திறந்தேன். சிவப்பு வெளுத்துப் போய், நிழல் எல்லாம் சாம்பல் பூசின மாதிரி இருந்தது. சரி, கேமரா சரியில்ல போலன்னு நினைச்சு நிழலை இறக்கினேன், நிறத்தை ஏத்தினேன், அனுப்பிட்டேன்.

மறுநாள் சித்தப்பா போன். "என்னடா பண்ணி வெச்சிருக்க? இதழ் ஓரம் கருத்திருக்கு, பழைய பூவான்னு கேக்கறாங்க." ரோஜா வியாபாரத்துல இதழ் கருக்கறதுன்னா என்னன்னு தெரிஞ்சவங்களுக்கு இந்தக் கேள்வியோட கனம் புரியும்.

பூவும் நல்லா இருந்தது, கேமராவும் சரியாதான் இருந்தது. நடுவுல என்ன ஆச்சு?

ஒரு படத்துல நிறம் நிறமா இல்ல, எண்ணா இருக்கு. அந்த எண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம்னு சொல்ற விதி தனி. ஓசூர் மார்க்கெட்டை நினைச்சுக்கோங்க. ஒருத்தர் "வந்த"ன்னு சொன்னா, தமிழ்ல அது வந்துட்ட ஆள், தெலுங்குல நூறு. சத்தம் ஒண்ணு, கணக்கு வேற. எந்த மொழியில பேசறார்னு தெரியாம காசை எண்ணினா சண்டைதான்.

சாதாரணப் படங்களோட மொழி 1996ல எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து முன்வெச்ச எஸ்ஆர்ஜிபி. இதுல 255ன்னா "உன்னால முடிஞ்ச முழு வெளிச்சம்"னு மட்டும்தான் அர்த்தம். எச்டிஆர் பேசற மொழி பிக்யூ, 2014ல தரமாச்சு. இதுல ஒவ்வொரு எண்ணும் இத்தனை நிட்ஸ்னு நேரடி அளவு, 10,000 நிட்ஸ் வரைக்கும். டெஸ்க்டாப்ல எச்டிஆரை ஆன் பண்ணா, பிரவுசர், போட்டோ, டாஸ்க்பார்னு பழைய மொழியில இருக்கிற எல்லாத்தையும் விண்டோஸ் புது மொழிக்கு மாத்தியாகணும்.

அந்த மொழிபெயர்ப்புலதான் வம்பு. எஸ்ஆர்ஜிபியோட எழுத்துப்படி இருக்கிற வளைவு வேற. நம்ம மானிட்டர்கள் நடைமுறையில காட்டறது பெரும்பாலும் காமா 2.2. விண்டோஸ் எழுத்துப்படி போகுது. வெளிச்சமான பகுதியில ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 200ங்கிற எண்ணுல வித்தியாசமே தெரியாது. ஆனா இருட்டுல, 10ங்கிற எண்ணுக்கு எஸ்ஆர்ஜிபி வளைவு தர்ற வெளிச்சம் காமா 2.2 தர்றதைவிட நாலு மடங்குக்குக் கொஞ்சம்தான் கம்மி. கறுப்பு சாம்பலாகறது இதனாலதான்.

சிவப்பு வெளுத்ததுக்குக் காரணம் வேற, அது எனக்கே கொஞ்சம் அசிங்கமா இருந்தது. இப்போ வர்ற பல மானிட்டர்கள் எஸ்ஆர்ஜிபியைவிட அகலமான நிறம் காட்டும். எச்டிஆர் ஆஃப்ல இருக்கும்போது, பெரும்பாலான ஆப்கள்ல, சாதாரணச் சிவப்பை இழுத்து மானிட்டரோட உச்சச் சிவப்பா காட்டிடும். ஆன் பண்ணதும் விண்டோஸ் அதை உரிய இடத்துல வைக்குது. அதாவது நான் "வெளுத்த சிவப்பு"ன்னு திட்டினதுதான் நிஜச் சிவப்பு. என் கண்ணுக்குப் பழகினது பொய்ச் சிவப்பு.

முத்திரையைப் பத்தியும் சொல்லிடறேன். வீசா அமைப்பு 2017 டிசம்பர்ல டிஸ்ப்ளேஎச்டிஆர் தரத்தைக் கொண்டுவந்தப்போ, அடிமட்டமான 400க்குப் பகுதி பகுதியா வெளிச்சத்தைக் குறைக்கிற வசதி கட்டாயமில்ல. பின்விளக்கு மொத்தமா ஏறும், கறுப்பும் கூடவே வெளுக்கும். 400 முத்திரையை நம்பிக் காசு குடுக்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

போன்ல ஏன் இந்தத் தொல்லை கம்மி? இதே ஓசூர் பக்கத்துல டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில ஐபோனோட உடல்பாகம் தயாராகுது. திரை, சிப், மென்பொருள் மூணும் எப்படி நடந்துக்கும்னு அந்த போனை வடிவமைச்ச கம்பெனிக்கு முன்னாடியே தெரியும். டெஸ்க்டாப்ல மானிட்டர் ஒருத்தரோடது, கிராபிக்ஸ் கார்டு இன்னொருத்தரோடது, விண்டோஸ் மூணாவது ஆளோடது. லினக்ஸ் பக்கம் இன்னும் மெதுவு: கேடிஇ பிளாஸ்மா 6 வந்தது 2024 பிப்ரவரியில, அப்போதான் எச்டிஆர் சோதனை அளவுல எட்டிப் பார்த்தது.

சரி, என்ன பண்ணலாம்? படம், வீடியோ கேம் பார்க்கும்போது மட்டும் எச்டிஆர். விண்டோஸ் கீ, ஆல்ட், பி மூணையும் சேர்த்து அழுத்தினா ஆன் ஆகும், ஆஃப் ஆகும். ஆன்லயே வேலை பார்க்கணும்னா, செட்டிங்ஸ்ல எஸ்டிஆர் வெளிச்சத்துக்குன்னு ஒரு ஸ்லைடர் இருக்கு, அதை உங்க அறை வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி வைங்க. மைக்ரோசாஃப்டோட எச்டிஆர் காலிபரேஷன் ஆப்பையும் ஒரு தடவை ஓட்டுங்க. அது எச்டிஆர் படத்துக்கு உதவும், சாம்பல் நிழலை முழுசா சரி பண்ணாது. சாதாரண போட்டோவைத் திருத்தறதா இருந்தா எச்டிஆரை ஆஃப் பண்ணிட்டு, மானிட்டர் மெனுவுல எஸ்ஆர்ஜிபி மோடுக்குப் போங்க. அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டு போன்ல பாருங்க.

நானும் அப்படியே திரும்பப் பண்ணி அனுப்பினேன். பார்ட்டி நம்பல. சித்தப்பா ரெண்டு கட்டு பூவை எடுத்துக்கிட்டு அத்திப்பள்ளி தாண்டி நேர்லயே போய்க் காட்டினார். ஆர்டர் கிடைச்சது, கட்டுக்கு ரெண்டு ரூபா குறைச்சு. அந்த ரெண்டு ரூபா கணக்கை இன்னும் என்கிட்ட கேட்டுட்டுதான் இருக்கார்.