கிதார் மேடை ஒலிபெருக்கி

கிதார் மேடை ஒலிபெருக்கி என்பது மேடை நிகழ்ச்சிகளில் மின் கிதாரின் ஒலியைக் கேட்போருக்கும் இசைப்பவருக்கும் கொண்டு சேர்க்கும் கருவியாகும். ஆம்ப்ளிஃபயர் எனப்படும் மிகைப்பி பெட்டிக்குள்ளேயே அமைந்திருந்தால் அது திறனூட்டிய ஒலிபெருக்கி எனப்படும். ஒரு கிதார் கலைஞருக்கு இவ்வகை ஒலிபெருக்கிகள் எத்தனை தேவை என்பது, ஒலி எவ்வளவு உரக்க இருக்க வேண்டும் என்பதைவிட, எந்தெந்த இடங்களில் கேட்க வேண்டும் என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது.

பின்னணி

வழமையான கிதார் ஒலிபெருக்கி ஏறத்தாழ 5,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட அதிர்வெண்களை மிகக் குறைவாகவே வெளியிடும். இக்குறைபாடே மின் கிதாரின் பழகிய தொனிக்கு ஒரு காரணமாகும். 1998 இல் வெளிவந்த லைன் 6 நிறுவனத்தின் பாட், 2006 இல் வெளிவந்த ஃபிராக்டல் ஆடியோ நிறுவனத்தின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் முதலிய எண்ணிமக் கருவிகள், மிகைப்பி, பெட்டி, ஒலிவாங்கி ஆகியவற்றின் தன்மையைக் கணக்கீட்டின் மூலம் உருவாக்குகின்றன. பெட்டியின் தன்மை ஏற்கனவே சேர்க்கப்பட்ட ஒலியைக் கிதார் பெட்டி வழியே மீண்டும் செலுத்தினால் அது மங்கலாகக் கேட்கும். எனவே இக்கருவிகளுடன், எல்லா அதிர்வெண்களையும் ஏறத்தாழ சமமாக ஒலிக்கும் திறனூட்டிய ஒலிபெருக்கிகள் பயன்படுத்தப்படுகின்றன.

எண்ணிக்கையும் ஒலி மட்டமும்

ஒலி மட்டம் டெசிபெல் என்னும் மடக்கை அளவில் அளக்கப்படுகிறது. மிகைப்பியின் திறனை இருமடங்காக்கினால் ஒலி மட்டம் 3 டெசிபெல் மட்டுமே உயரும். ஆகவே 1,000 வாட் பெட்டிக்கும் 2,000 வாட் பெட்டிக்கும் உள்ள வேறுபாடு, மற்றவை சமமாக இருப்பின், 3 டெசிபெல்லே. ஒரே மாதிரியான இரண்டாவது ஒலிபெருக்கியைச் சேர்த்தால், இரு ஒலிகளும் ஒத்த கட்டத்தில் வந்து சேரும் இடங்களில் அதிகபட்சம் 6 டெசிபெல் உயர்வு கிடைக்கும். மனிதக் காதுக்கு ஒலி இருமடங்கு உரப்பாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் உயர்வு தேவை.

திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்போது ஒலி மட்டம் 6 டெசிபெல் குறையும். 1 மீட்டரில் 120 டெசிபெல் ஒலிக்கும் பெட்டி 4 மீட்டரில் 108 டெசிபெல்லும், 16 மீட்டரில் 96 டெசிபெல்லும் தரும். மூடிய அரங்கில் சுவர்களின் எதிரொலிப்பால் இக்குறைவு சற்றுக் குறையும். அதாவது, சிறிய அரங்குகளுக்கு நல்ல பெட்டி ஒன்றே பெரும்பாலும் போதுமானது.

குறுக்கீட்டு விளைவு

ஒரே ஒலியை இரு பெட்டிகள் வெளியிடும்போது, கேட்பவருக்கு அவற்றின் தொலைவுகள் வேறுபடலாம். ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். எனவே 34 சென்டிமீட்டர் தொலைவு வேறுபாடு 1 மில்லிநொடித் தாமதத்தை உண்டாக்கும். அப்போது 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் இரு அலைகளும் எதிர்க் கட்டத்தில் சந்தித்து வலுவிழக்கின்றன. இவை கிதார் ஒலியின் முதன்மையான பகுதியிலேயே உள்ளன. வரைபடத்தில் இப்பள்ளங்கள் சீப்பின் பற்கள் போலத் தோன்றுவதால் இது சீப்பு வடிப்பு எனப்படுகிறது. இருக்கைக்கு இருக்கை தாமதம் மாறுவதால் தொனியும் மாறும். சமனாக்கியைக் கொண்டு இதைச் சரிசெய்ய இயலாது.

இருதட ஒலி

இரு பெட்டிகளும் வெவ்வேறு ஒலிகளை வெளியிட்டால் நிலைமை வேறு. 1975 இல் அறிமுகமான ரோலண்ட் ஜேசி-120 மிகைப்பியில் இரண்டு 12 அங்குல ஒலிபெருக்கிகள் உள்ளன. அதன் கோரஸ் விளைவில் ஒன்று நேரடி ஒலியையும் மற்றொன்று சுருதி மெல்ல அசையும் ஒலியையும் வெளியிட, இரண்டும் காற்றில் கலக்கின்றன. எனினும் பெட்டிகளை மேடையின் இரு ஓரங்களில் வைத்தால் நடுவில் அமர்ந்திருப்போரே இருதட விளைவை முழுமையாக உணர்வர்.

பெரிய அரங்குகள்

1974 இல் அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு பயன்படுத்திய "ஒலிச் சுவர்" ஏறத்தாழ 600 ஒலிபெருக்கிகளைக் கொண்டது. ஒவ்வொரு இசைக்கருவிக்கும் தனித்தனி ஒலிபெருக்கி அடுக்குகள் கலைஞர்களின் பின்புறம் நிறுத்தப்பட்டதால், அவையோரும் கலைஞர்களும் ஒரே ஒலியைக் கேட்டனர். போக்குவரத்துச் செலவும் உழைப்பும் மிகுந்ததால் அவ்வாண்டே அது கைவிடப்பட்டது. தற்காலத்தில் அரங்கின் பொது ஒலியமைப்பே அவையோருக்கு ஒலியைக் கொண்டு செல்கிறது. கலைஞரின் பெட்டி மேடைக்கு மட்டுமே ஒலித்தால் போதும்.

தெரிவு

அரங்கில் பொது ஒலியமைப்பு இருந்தால்: மேடையில் ஒன்று. காதணி வகை ஒலிபெருக்கி அணிபவருக்கு அதுவும் தேவையில்லை.

பொது ஒலியமைப்பு இல்லாத சிறிய அரங்கு: ஒன்று. அதனைக் கலைஞரின் பின்புறம், சற்றுப் பக்கவாட்டில், காது உயரத்தில் நிறுத்தினால் இரு சாராருக்கும் கேட்கும். உயர் அதிர்வெண்கள் குறுகிய கோணத்தில் பரவுவதால், தரையில் வைத்த பெட்டி கலைஞரின் கால்களுக்கே தெளிவாக ஒலிக்கும்.

பொது ஒலியமைப்பு இல்லாத அகன்ற அரங்கு: இரண்டு. ஒன்று அவையோரை நோக்கியும் மற்றொன்று கலைஞரை நோக்கியும் இருக்க வேண்டும்.

இருதட விளைவுகள் இன்றியமையாதவை எனில்: ஒரே வகையான இரண்டு.

செவிப் பாதுகாப்பு

அமெரிக்காவின் தேசியப் பணியிடப் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனம் 1998 இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் இந்நேரம் பாதியாகும். 94 டெசிபெல்லில் 1 மணி நேரமும், 100 டெசிபெல்லில் 15 நிமிடமுமே எஞ்சும். இரண்டாவது பெட்டி தரும் 6 டெசிபெல், அவையோருக்குச் சிறிய மாற்றமாகவே தோன்றினும், அருகில் நிற்கும் கலைஞரின் பாதுகாப்பான நேரத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். உரத்த ஒலியால் உட்செவியின் மயிர்க்கலங்கள் அழிந்தால் அவை மீண்டும் வளர்வதில்லை.