பெட்டி சிறுக்கலாம், பயணி சிறுப்பதில்லை

மாதிரி இரயில் பெட்டிகள் இருவகைப்படும். முதல் வகை பார்வைக்கானது. பிரித்தானியப் பயணிகள் பெட்டிகளின் மேசை மாதிரிகள் பெரும்பாலும் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்னும் விகிதத்தில் அமைகின்றன. 63.5 அடி நீளப் பெட்டி 25.4 சென்டிமீட்டராகும், சன்னலும் கைப்பிடியும் இருக்கையும் அதே விகிதத்தில் சுருங்கும்.

இரண்டாம் வகை பயணத்திற்கானது. திருவனந்தபுரம் வேளி சுற்றுலாக் கிராமத்தில் 2020 நவம்பரில் தொடங்கப்பெற்ற சிற்றிரயில் இதற்குச் சான்று. தோற்றத்தில் அது பழைய நீராவி வண்டி. இயக்குவதோ சூரிய மின்னாற்றல். இங்கு ஒரே விகிதம் செல்லாது. பெட்டி சிறுத்தாலும் அமர்பவர் சிறுப்பதில்லை. ஆகவே இருக்கைகள் மனித அளவையே தழுவ வேண்டும்.

மேசை மாதிரி வாங்க விழையும் வாடிக்கையாளர்கள் விலைக்கு முன்னர் விகிதத்தைக் கேட்டறிவது நன்று. விகிதம் மாறுபட்ட பெட்டிகள் ஒரே தொடரில் பொருந்தா; செலவிட்ட பணம் அலமாரியில் உறங்கும்.