நெஞ்சு கரித்தால் உடனே மாத்திரையா? கொஞ்சம் பொறுங்கள்!

மாலை 6 மணி. பஸ் நிலையத்தை ஒட்டிய மெடிக்கல் ஷாப்பில் நல்ல கூட்டம்.

"அண்ணே, நெஞ்சு கரிக்குது. ஒரு கேஸ் மாத்திரை குடுங்க."

"சாப்டாச்சா?"

"இப்பதான் பரோட்டா சாப்ட்டேன்."

கடைக்காரர் ஒரு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கிறார். வாங்கியவர் அங்கேயே வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு, பஸ்சில் தொற்றிக்கொள்கிறார்.

தினமும் எல்லா ஊரிலும் நடக்கிற காட்சிதான். ஆனால் அது என்ன மாத்திரை? வயிற்றுக்குள் போய் என்ன செய்கிறது? வாங்கியவர் கேட்கவில்லை. கடைக்காரரும் சொல்லவில்லை.

வயிற்றுக்குள் ஆசிட்

கக்கூஸ் கழுவுகிறோமே, அந்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான் நம் இரைப்பையிலும் சுரக்கிறது. வீரியம் மட்டும் குறைவு. ஆசிட் கலந்த இரைப்பை நீர் ஒரு நாளைக்குச் சுமார் 2 லிட்டர் ஊறுகிறது. சாப்பாட்டைச் செரிக்க வைப்பதும், அதோடு உள்ளே போகும் கிருமிகளைக் கொல்வதும் அதன் வேலை.

இரைப்பையின் உள்சுவரில் வழவழப்பான பூச்சு உண்டு. அதனால் ஆசிட் அதைச் சுடுவதில்லை. உணவுக்குழாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆசிட் மேலே ஏறினால் நெஞ்சு எரிகிறது.

3 சுவிட்சு, ஒரு மோட்டார்

ஆசிட்டை வெளியே தள்ள இரைப்பைச் சுவரில் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. வீட்டு மோட்டார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை ஓட வைக்க 3 சுவிட்சுகள். ஒன்று ஹிஸ்டமின். மற்றொன்று காஸ்ட்ரின். மூன்றாவது அசிடைல்கோலின்.

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் மருந்துகளும் 3 ரகம்.

முதல் ரகம், சப்பிச் சாப்பிடும் மாத்திரையும் வெள்ளை மருந்தும். இவை மோட்டாரைத் தொடுவதில்லை. கொட்டிய தண்ணீரைத் துடைப்பதுபோல, சுரந்த ஆசிட்டை முறித்துவிடும். உடனே சுகம் கிடைக்கும். சீக்கிரம் தீர்ந்தும் போகும்.

இரண்டாவது ரகம், ரானிடிடின், பமோடிடின் போன்றவை. ஹிஸ்டமின் சுவிட்சை மட்டும் அணைக்கும். மற்ற இரண்டும் வேலை செய்யும்.

மூன்றாவது ரகம், ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்றவை. இவை மோட்டாரையே மடக்கிவிடும். புது பம்பு முளைத்தால்தான் மறுபடி ஆசிட். மருந்து ரத்தத்தில் ஓரிரு மணி நேரமே தங்கினாலும் பலன் ஒரு நாள் முழுதும் நிற்பது இதனால்தான்.

அரிப்பு மாத்திரையில் கிடைத்த துப்பு

1970-கள் வரை அல்சர் முற்றினால் பலருக்கு ஆபரேஷன்தான். இரைப்பையில் ஒரு பகுதியையே வெட்டி எடுப்பார்கள்.

தும்மலுக்கும் அரிப்புக்கும் ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரைகள் அப்போதே இருந்தன. அவற்றை விழுங்கினால் தும்மல் நின்றது. தூக்கம் வந்தது. ஆசிட் மட்டும் குறையவில்லை!

ஏன்? ஸ்காட்லாந்தில் பிறந்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் யோசித்தார். இரைப்பையில் இருக்கும் ஹிஸ்டமின் சுவிட்சு வேறு ஜாதி என்று முடிவு கட்டினார். 1964-ல் இங்கிலாந்தில் ஆராய்ச்சி தொடங்கியது. இடையில் கண்டுபிடித்த ஒரு மருந்து சில நோயாளிகளின் வெள்ளை அணுக்களைக் குறைத்ததால் கைவிடப்பட்டது. கடைசியில் 1976-ல் சிமிடிடின் விற்பனைக்கு வந்தது. 1981-ல் ரானிடிடின், 1988-ல் ஒமிப்ரசோல் என்று வரிசையாக வந்தன. 1988-ல் பிளாக்குக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

கிருமியைக் குடித்த டாக்டர்

மாத்திரை சாப்பிட்டால் அல்சர் ஆறியது. நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வந்தது. காரணம் புரியவில்லை.

ஆஸ்திரேலிய டாக்டர் பேரி மார்ஷல், "இது கிருமியின் வேலை" என்றார். பலர் நம்பவில்லை. 1984-ல் அந்தக் கிருமியை வளர்த்து, தானே குடித்தார்! சில நாளில் வாந்தி. இரைப்பையில் அழற்சி. அந்தக் கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. 2005-ல் அவருக்கும், கூட்டாளி ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு.

ஆக, கிருமியால் வந்த அல்சருக்கு ஆசிட் மாத்திரை மட்டும் போதாது. ஆன்டிபயாடிக்கும் வேண்டும். அல்சருக்கு இன்னொரு பெரிய காரணம், மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் அடிக்கடி விழுங்கும் ஆஸ்பிரின், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள். மன அழுத்தத்துக்கு செரோடோனினைக் கூட்டும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வலி மாத்திரையும் சேர்த்துப் போட்டால், வயிற்றில் ரத்தம் கசியும் ஆபத்து இன்னும் கூடும்.

ரானிடிடினுக்கு வந்த வினை

வீட்டுக்கு வீடு இருந்த ரானிடிடினில், புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் ஒரு பொருள் இருப்பது 2019-ல் தெரிய வந்தது. நாள்பட்டாலும் உஷ்ணம் பட்டாலும் அது கூடுகிறது. 2020 ஏப்ரலில் அமெரிக்க அரசு அந்த மருந்தைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. 2022-ல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது நீக்கப்பட்டது.

எப்படிச் சாப்பிட வேண்டும்?

மோட்டாரை மடக்கும் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே சாப்பிட வேண்டும். பரோட்டாவுக்குப் பிறகு போட்டால் பலன் குறைவு.

டாக்டர் சொல்லாமல் மாதக்கணக்கில் தொடரக் கூடாது. அமெரிக்காவில் சீட்டில்லாமல் விற்கும் ஒமிப்ரசோல் அட்டையில், "14 நாள்தான், 4 மாதத்துக்கு ஒரு முறைதான்" என்று எச்சரிக்கை இருக்கிறது. வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 சத்தும் மக்னீசியமும் குறையலாம். திடீரென்று நிறுத்தினால் ஆசிட் முன்னைவிட வேகமாகச் சுரக்கும். "நிறுத்தினா தாங்கலை சார்" என்று பலர் சொல்வது இதனால்தான்.

இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள், ஒமிப்ரசோலைத் தாங்களாகவே வாங்கவே கூடாது. அந்த மருந்தின் வேலையை இது குறைக்கும்.

கேஸ் அல்ல, ஹார்ட்!

எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான். நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். "கேஸ்தான், ஒரு மாத்திரை போட்டா சரியாப் போகும்" என்று வீட்டிலேயே படுத்து உயிரை விட்டவர்கள் உண்டு. அந்த நேரத்தில் மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.

கறுப்பாக மலம் போனாலும், வாந்தியில் ரத்தம் வந்தாலும், சாப்பாடு விழுங்கும்போது அடைத்தாலும், காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

மாத்திரை எரிச்சலை அணைக்கும். எரிச்சல் ஏன் வந்தது என்று மாத்திரைக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.